மியாவாடி கைமாறிய ஏப்ரல்: பாலம் தாண்டிய சரக்கும் பறிபோன 2,16,000 பாட்டும்

எல்லை வாசல் ஒன்றைக் கிளர்ச்சிப் படை பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால், ஒரே நாளில் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறி, கேட்டைச் சாத்திவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். பர்மா-தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவாடியில் 2024 ஏப்ரலில் அப்படி நடக்கவில்லை. நெடுஞ்சாலை நாலு மாதம் முன்பே போய்விட்டது. ராணுவத்தின் கடைசி முகாம் ஏப்ரல் 11இல் விழுந்தது. சரக்குப் பாலம் 20ஆம் தேதி மூடியது. முத்திரை குத்துகிற மேசையோ கிளர்ச்சிக்காரர்கள் கைக்கு முழுசாகப் போகவே இல்லை. சாலை, முகாம், பாலம், மேசை நான்கும் ஒரே நாளில், ஒரே ஆளிடம் கைமாறாது என்று எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் 2,16,000 பாட் மிஞ்சியிருக்கும். சொல்ல ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பர்மாவின் மோல்மீன் பக்கத் தமிழர்களுக்கு இந்த வழி பழக்கமானது. மே சோட்டில் தாய்லாந்துப் பணமான பாட் கொடுத்துச் சரக்கெடுத்து, மியாவாடி, காவ்கரைக் வழியாக ஊருக்குக் கொண்டுவந்து பர்மியப் பணமான கியாட்டில் விற்கிற சின்ன வியாபாரம். தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மியாவாடி பர்மாவின் கரேன் மாநிலத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் தாய்லாந்தின் மே சோட். நடுவில் மோய் ஆறு, பர்மிய மொழியில் தௌங்யின். கோடையில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். பாலம் இரண்டு. 1997இல் திறந்த முதல் பாலம் ஊருக்குள், ஆட்களுக்கு. 2019இல் திறந்த இரண்டாவது பாலம் வடக்கே, லாரிகளுக்கு. தாய்லாந்தில் இடது பக்கம் ஓட்டுவார்கள், பர்மாவில் வலது பக்கம், எனவே பாலத்தருகே லாரிகள் தடம் மாறியாக வேண்டும். கடிகாரமும் அங்கே அரை மணி நேரம் மாறும். தாய்லாந்தில் ஆறு மணி அடிக்கும்போது பர்மாவில் ஐந்தரைதான். சாதாரண நாளில் இது வேடிக்கை. பாலம் எப்போது மூடும் என்று தெரியாத நாளில், பர்மிய நேரத்தை நம்பி வந்தவர் கதவுக்கு முன்னால் நிற்பார். கேட் நேரம் எல்லாவற்றையும் தாய் நேரத்திலேயே கேளுங்கள், தாய் நேரத்திலேயே குறித்து வையுங்கள்.

முதல் எச்சரிக்கை 2023 டிசம்பரில் வந்தது. காவ்கரைக் அருகே சண்டை மூண்டு, மியாவாடிக்குப் போகும் நெடுஞ்சாலையான ஏசியன் ஹைவேயில் லாரி ஓட்டம் நின்றது. 2015இல் அந்தப் புதுச் சாலை திறந்த பிறகு மியாவாடிக்கும் காவ்கரைக்குக்கும் இடையே மூன்று மணி நேரப் பயணம் முக்கால் மணி நேரமாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்னால் தாவ்னா மலையில் பழைய சாலைதான். குறுகல் என்பதால் ஒரு நாள் ஏற்றம், மறுநாள் இறக்கம் என்று முறை வைத்து வண்டி விடுவார்கள். டிசம்பருக்குப் பிறகு எல்லாச் சரக்கும் மறுபடி மலைப்பாதைக்குத் திரும்பியது. நாங்கள் அதைப் புலம்பிக்கொண்டே பழகிக்கொண்டோம். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. வாசலுக்குப் பின்னால் இருக்கும் சாலை போய்விட்டால், வாசல் திறந்திருப்பது பேருக்குத்தான். ராணுவம் தன் ஆட்களுக்குச் சோறும் தோட்டாவும் அனுப்ப முடியாத முகாம் எத்தனை மாதம் தாங்கும் என்று அப்போதே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தன. 5ஆம் தேதி வாக்கில் மியாவாடிக்குப் பத்து கிலோமீட்டர் மேற்கே, திங்கன்னினாங் முகாமில் இருந்த சிப்பாய்களும் குடும்பத்தாருமாக 600க்கும் மேற்பட்டவர்கள் சரணடைந்ததாகக் கிளர்ச்சி அமைப்பான கரேன் தேசிய யூனியன் அறிவித்தது. 7ஆம் தேதி ரங்கூனிலிருந்து ஒரு தனி விமானம் மே சோட்டில் இறங்கியது. தங்கள் ஆட்களைக் கூட்டிப்போகப் பர்மிய அரசு தாய்லாந்திடம் அனுமதி கேட்டு வந்த விமானம் அது. இந்த இரண்டாவது செய்தியை நான் சாதாரணமாகத் தாண்டிப் போய்விட்டேன். துப்பாக்கிச் சத்தத்தை விட இதுதான் பெரிய அறிகுறி. அதிகாரியும் அவர் குடும்பமும் எந்தப் பக்கம் நகர்கிறார்கள் என்று பாருங்கள். அதோடு லாரி டிரைவர்கள் முன்பணம் எவ்வளவு கேட்கிறார்கள், அன்றைய பாட் விலை காலைக்கும் மாலைக்கும் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பாருங்கள். தொலைக்காட்சிக்கு இரண்டு நாள் முன்பே இவை பேசிவிடும்.

எனக்குத் திஞ்சான் கண்ணை மறைத்தது. பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழா ஏப்ரல் நடுவில் வரும். அந்த வாரத்துக்குக் குளிர்பானம், பிஸ்கட், சமையல் எண்ணெய், கூடவே மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் என்று 8,40,000 பாட்டுக்குச் சரக்கு. ஏப்ரல் 8 அன்று இரண்டாவது பாலத்தைத் தாண்டி மியாவாடி கிடங்கில் இறங்கியது. தாண்டிய கையோடு வண்டி மாற்றி மலை ஏற்றுவதாக ஏற்பாடு. வண்டி கிளம்ப முடியவில்லை. 11ஆம் தேதி விடியற்காலை ராணுவத்தின் கடைசி முகாமான 275ஆம் பட்டாலியன் முகாம் விழுந்தது. அங்கே மிஞ்சியிருந்த சுமார் 200 சிப்பாய்கள் பின்வாங்கி, நேராக இரண்டாவது பாலத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். டிரைவர் தம்பி கூப்பிட்டு, "அண்ணே, பாலத்துக்குக் கீழ பட்டாளம் படுத்திருக்கு, மேல லாரி ஓடிக்கிட்டிருக்கு, நான் என்ன செய்ய?" என்றான். என்னிடம் பதில் இல்லை. வயிற்றைக் கலக்கியது. இருந்தாலும் "ரெண்டு நாள் பொறு தம்பி" என்று சொல்லி வைத்தேன். இந்த முழுக் கதையிலும் எனக்கு அதிகச் செலவு வைத்த சொல் அந்த 'பொறு'தான்.

ஏனென்றால், பிடிபட்ட அன்று வாசல் அமைதியாக இருக்கும். 11, 12 தேதிகளில் முதல் பாலத்தில் ஆட்கள் பெட்டி தூக்கிக்கொண்டு வரிசையில் போனார்கள், கடைகள் திறந்திருந்தன. 13 முதல் எதிர்க்கரையில் தாய்ப் புத்தாண்டான சொங்க்ரான், இந்தக் கரையில் திஞ்சான். இரண்டு பக்கமும் வங்கியும் சுங்கத் தரகர் அலுவலகமும் விடுமுறை. அந்த அமைதியைப் பார்த்து ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். பிடித்தவர்களிடம் விமானம் இல்லை, விட்டுப்போனவர்களிடம் இருக்கிறது. விமானம் வர சில நாள் ஆகும், அவ்வளவே. மியாவாடியில் ஒன்பது நாள் ஆனது. 2023 நவம்பரில் மிசோரம் எல்லையில் ரிக்காவ்தார் விழுந்தபோதும் சண்டையோடு விமானக் குண்டும் சேர்ந்தே வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் தியாவ் ஆற்றைத் தாண்டி இந்தியப் பக்கம் ஓடினார்கள். ஆகவே முகாம் விழுந்த செய்தி வந்ததும், கைவசம் இருப்பது சில நாள்தான் என்று வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

அந்தச் சில நாளில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது: சரக்கைத் தாய்லாந்துக்கே திருப்புவது. தாய் சுங்கத்தில் ஏற்றுமதியின்போதே 'மறு இறக்குமதிச் சான்று' கேட்டு வாங்கி வைக்கலாம். அது இருந்தால், போன சரக்கு எந்த மாற்றமும் இல்லாமல் ஓராண்டுக்குள் திரும்பி வரும்போது இறக்குமதி வரி கிடையாது. இல்லாவிட்டால் அது புதுச் சரக்கு, புது வரி. சான்றில் பெட்டி எண்ணிக்கை, வரிசை எண், அடையாளக் குறி சரியாக இருந்தால்தான் அதே சரக்கு என்று ஒப்புக்கொள்வார்கள். உதிரி பாகப் பெட்டிக்கு வரிசை எண் போடலாம். குளிர்பான அட்டைப்பெட்டிக்குக் குறைந்தது லாட் எண்ணாவது எழுத வேண்டும். நான் அந்தச் சான்றைக் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமாகப் போன சரக்கு திரும்பி வந்ததில்லை, அதனால் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு லோடுக்கும் கேட்கிறேன். தரகர் முகம் சுளிப்பார், சுளித்துவிட்டுப் போகட்டும்.

முகாமைப் பிடித்தார்கள் சரி, சுங்க மேசையில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்பீர்கள். இதுதான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாத இடம். சண்டை போட்டு முகாமைப் பிடித்தது கரேன் தேசிய யூனியனின் ஆயுதப் பிரிவான கரேன் தேசிய விடுதலைப் படையும் அதன் கூட்டாளிகளும். ஆனால் ஊருக்குள் நெடுங்காலமாகச் செல்வாக்கோடு இருந்தது சா சிட் து தலைமையிலான எல்லைக் காவல் படை. முதலில் ராணுவத்தின் கீழ் இருந்து, 2024 தொடக்கத்தில் விலகுவதாகச் சொல்லி, கரேன் தேசிய ராணுவம் என்று பெயரை மாற்றிக்கொண்ட படை. இவர்கள் நடுவில் இருந்ததால்தான் மேசை, முகாமைப் பிடித்தவர்கள் கைக்கு முழுசாகப் போகவில்லை. இணைய மோசடிக் கூடங்கள் இருக்கும் பகுதிகளும் இவர்கள் செல்வாக்கில்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மியாவாடி என்ற பெயர் அறிமுகமானதே அந்தக் கூடங்களால்தான். வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்ட 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் இந்தியா இரண்டு விமானங்களில் 549 பேரைக் கூட்டிவந்தது. பாங்காக்கில் வேலை என்று சொல்லிவிட்டு மே சோட் பக்கம் காரைத் திருப்பினால், அங்கேயே இறங்கிவிடுங்கள். ஆற்றைத் தாண்டிய பிறகு எந்தக் கொடி பறந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

20ஆம் தேதி சனிக்கிழமை பாலத்தடியில் இருந்த சிப்பாய்களைக் கிளர்ச்சிப் படையினர் தாக்கினார்கள். ராணுவ விமானம் வந்து குண்டு போட்டது. சுமார் 3,000 பேர் ஆற்றைத் தாண்டி மே சோட் கரைக்குப் போனார்கள். இரண்டாவது பாலம் மூடியது. ஆட்கள் தாண்டுவதில் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்குப் பயந்து ஆற்றில் இறங்கி வருகிறவர்களைத் தாய்ப் படையினர் கரையோரத் தற்காலிக இடங்களில் தங்க வைப்பார்கள். அங்கிருந்து ஊருக்குள் போக விடமாட்டார்கள், சத்தம் அடங்கியதும் திரும்பச் சொல்வார்கள். அந்த முறை பெரும்பாலானவர்கள் சில நாளில் திரும்பினார்கள். எல்லை பாஸில் போனால் ஏழு நாள், அதுவும் எல்லையை ஒட்டிய வட்டாரத்துக்குள் மட்டும். பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்ன நடந்தாலும் முதல் பாலத்தில் முத்திரை வாங்கிப் போவதே நல்லது. அவசரத்தில் ஆற்றில் இறங்கிவிட்டால் நுழைவு முத்திரை இருக்காது. பின்னால் பாங்காக் விமான நிலையத்தில் சட்டவிரோத நுழைவு என்று நிற்க வேண்டி வரும். முத்திரை வாங்கித் தாண்டி, நாள் கடந்துவிட்டால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. இது வலிக்கும், ஆனால் தீர்ந்துவிடும். முத்திரையே இல்லாத பாஸ்போர்ட் அப்படித் தீராது.

காப்பீடு பற்றி ஒரு பிழையான நம்பிக்கை எங்களுக்குள் இருந்தது: 'ஆல் ரிஸ்க்' எடுத்திருக்கிறோம், எல்லாம் வரும் என்று. சரக்குக் காப்பீட்டில் விரிவானது என்று விற்கப்படும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் 'ஏ' பத்திரத்தை எடுத்து, விலக்குகள் பகுதியைப் படியுங்கள். போர், உள்நாட்டுப் போர், புரட்சி, கிளர்ச்சி இவற்றால் வரும் சேதம் கிடையாது. கைப்பற்றுதல், தடுத்து வைத்தல் கிடையாது. தாமதத்தால் வரும் நட்டமும் தனியாக விலக்கப்பட்டிருக்கிறது. போர்க் காப்பீடு என்று தனியாக ஒன்று வாங்கினாலும், அதன் வழக்கமான வடிவம் சரக்கு கப்பலில் இருக்கும்வரைக்கும்தான். தரையில், கிடங்கில், மலைப்பாதையில் நிற்கும் லோடுக்கு அது உதவாது. பிரீமியம் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு நான் மூன்று நாள் போனில் மல்லுக்கட்டினேன். எதிரில் பேசிய பெண் பொறுமையாக அந்த வரிகளை வாசித்துக் காட்டினார். கோபம் அவர்மேல் இல்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்ட என்மேல்தான். காப்பீடு உதவாத இடத்தில் உதவுவது விலை ஒப்பந்தம்தான். மே சோட் கிடங்கில் ஒப்படைப்பு என்று வாங்கினால், அங்கே வண்டி ஏறிய நொடியிலிருந்து நட்டம் வாங்குபவருடையது. மியாவாடியிலோ மோல்மீனிலோ ஒப்படைப்பு என்று எழுதினால், வழியில் வருவதெல்லாம் விற்பவர் தலையில். விற்பவர் இதற்கு விலை ஏற்றுவார். ஏற்றட்டும். நூற்றுக்கு ஐந்தாறு ஏற்றினாலும் எனக்குப் போன தொகையில் அது சின்னப் பங்குதான்.

23, 24 தேதிகளில் எல்லைக் காவல் படையின் துணையோடு ராணுவம் அந்த முகாமுக்குத் திரும்பிவிட்டது. தற்காலிகப் பின்வாங்கல் என்று கரேன் யூனியன் சொன்னது. பத்திரிகைகளுக்குச் செய்தி அத்தோடு முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம். மியாவாடியை மீட்க ராணுவம் கவச வண்டிகளோடு பெரிய அணி ஒன்றைக் காவ்கரைக்கிலிருந்து தாவ்னா மலை மேல் அனுப்பியிருந்தது. எங்கள் சரக்கு இறங்க வேண்டிய மலையில் அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், வழியெங்கும் தாக்குதல். ஊர் யாரிடம் என்று கேட்பவர்களுக்கு மியாவாடி ராணுவத்திடம். சாலை யாரிடம் என்று கேட்டால் ஒரு மைலுக்கு ஒரு பதில்.

கடைசியில் லோடைப் பிரித்துத்தான் கொண்டுவந்தோம். பத்துச் சக்கர லாரி அந்தக் காட்டுப் பாதையில் ஏறாது. பிக்கப் வண்டிகளில் ஒன்றரை டன், இரண்டு டன்னாக ஏற்ற வேண்டும். எண்ணெய் டின்களைக் கீழே, பிஸ்கட்டை மேலே, எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு அடுக்குத் தார்ப்பாய். முன்னும் பின்னும் கயிற்றை இழுத்துக் கட்டாவிட்டால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே அட்டைப்பெட்டிகள் நசுங்கும். மே மாதம் மழை பிடித்ததும் செம்மண் சேறு. ஒரு வண்டி அச்சு வரை புதைந்தால் பின்னால் இருபது வண்டி நிற்கும். இழுத்துவிடும் டிராக்டர்காரர் சொன்னதுதான் கூலி. வழியில் ஆயுதக் குழுக்கள் வைத்திருக்கும் கேட்டுகளில் கொடுக்கும் பணத்துக்கு ஒவ்வொரு குழுவும் தனி ரசீது தரும். இதைக் கவனமாகக் கேளுங்கள்: ஒரு கேட்டில் வழிவிடும் அதே துண்டுச் சீட்டு, அடுத்த ராணுவச் சாவடியில் உங்களைச் சிறைக்கு அனுப்பும். ராணுவ ஆட்சியை எதிர்த்துச் சண்டை போடும் மக்கள் பாதுகாப்புப் படையை 2021 மே மாதமே ராணுவ அரசு பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்துவிட்டது. அதற்குப் பணம் கொடுத்ததற்கான ரசீது கையில் இருந்தால் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பாயும். அந்தக் குழுவின் எல்லையைத் தாண்டும்வரை சீட்டு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முறை கேட்பார்கள். தாண்டியதும் கிழித்துவிட வேண்டும். போட்டோ எடுத்தும் வைக்காதீர்கள், சாவடியில் போனைத் திறக்கச் சொல்வார்கள். கணக்குக்கு வேண்டுமென்றால் வெறும் எண்களை எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

டிரைவர் வயதையும் பாருங்கள். 2024 பிப்ரவரி 10இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயதுவரை. என் லோடோடு போன தம்பிக்கு 24. காவ்கரைக் சாவடியைத் தாண்ட அவன் மறுத்ததை நான் முதலில் சோம்பல் என்று நினைத்துக் கத்திவிட்டேன். அப்புறம் புரிந்து வெட்கப்பட்டேன். 35 தாண்டிய டிரைவர் கிடைக்காவிட்டால், சாவடிக்கு முன்னால் ஆள் மாற்றும் ஏற்பாடு வேண்டும். அந்தக் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

போன பணத்தின் கணக்கு இது. வண்டி காத்துக்கிடந்த 19 நாளுக்கு, நாளொன்றுக்கு 3,000 வீதம் 57,000. கிடங்கு வாடகை, ஏற்றி இறக்கிய கூலி 22,000. பிக்கப் வாடகை, கேட் பணம், டிராக்டர் சேர்த்து 96,000. நசுங்கியது, நனைந்தது, காணாமல் போனது 41,000. மொத்தம் 2,16,000 பாட். சரக்குக்குப் போட்ட பணத்தில் கால் பங்குக்கும் மேல். இதில் பணமாற்று நட்டத்தைச் சேர்க்கவில்லை. அப்போது அரசு விலையில் ஒரு டாலர் 2,100 கியாட், வெளியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாட்டில் கடன் வாங்கி, கியாட்டில் தவணைக்கு விற்பவன் ஒவ்வொரு வாரமும் தேய்வான். சோளம் அனுப்புகிறவர்கள் நிலை இதைவிட மோசம். தாய்லாந்து பிப்ரவரி முதல் ஆகஸ்ட் கடைசிவரைதான் பர்மியச் சோளத்தை வரியில்லாமல் விடும். வாசல் மூடினால் சரக்கோடு காலமும் போகும். ஈரம் 14.5 சதவீதத்துக்கு மேல் ஏறிய மூட்டையைத் தார்ப்பாய்க்குள் பத்து நாள் வைத்தால் பூஞ்சை பிடித்து, வாங்குபவர் முகர்ந்து பார்த்தே ஒதுக்கிவிடுவார்.

திஞ்சானுக்கு வாங்கிய குளிர்பானம் மோல்மீனில் இறங்கியபோது விடாத மழை. பாதி விலைக்குக் கொடுத்தேன். 2025 ஆகஸ்ட் 18 அன்று இரண்டாவது பாலத்தில் சரக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். இந்த முறை நிறுத்தியது ராணுவ அரசேதான். ஆயுதக் குழுக்களுக்குப் போகிற வரியை வெட்டுவதற்காக என்றார்கள். அப்போது என் சரக்கு மே சோட் கிடங்கில், மறு இறக்குமதிச் சான்றுக்கு விண்ணப்பம் போட்ட நிலையில், வண்டி ஏறாமல் இருந்தது. கிடங்கு வாடகை மட்டும்தான் போனது.